சாவடிக் கிணற்றுக் கோப்பு

அக்டோபர் 6, திங்கள்

உரக்கடைக்காரர் தந்த டைரியில் இதுவரை கேஸ் சிலிண்டர் பதிந்த தேதியும் பிரஷர் மாத்திரை தீர்ந்த தேதியும்தான் எழுதியிருக்கிறேன். இன்றிலிருந்து ஒழுங்காக எழுதலாம் என்று தோன்றியது. ஓய்வுக்கு ஐம்பத்தைந்து நாள் இருக்கிறது. நவம்பர் 30 ஞாயிற்றுக்கிழமையாக வந்து தொலைத்ததால் 28, வெள்ளியே எனக்குக் கடைசி வேலைநாள்.

பொங்கலுக்குள் நகராட்சி அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. காலம் முடிந்த கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டுவர வேண்டும் என்று ஆணையர் உத்தரவு. பதிவறை என் பொறுப்பு என்பதால் அழிப்பும் என் பொறுப்பு.

ஒரு கோப்பின் வேலை முடிந்ததும் அதை முடித்து அனுப்புகிற எழுத்தர், எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்று மேலட்டையில் குறிப்பார். ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று நான்கே வகை. அட்டையைப் பார்த்துத்தான் அடுக்குவோம், அட்டையைப் பார்த்துத்தான் அழிப்போம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் கிடையாது. அழிப்பு கடைசியாக எப்போது நடந்தது என்று யாருக்கும் நினைவில்லை.

ஆகஸ்டிலிருந்து உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மொத்தம் 4,216 கோப்புகள். எல்லாப் பிரிவுக்கும் சுற்றுக்கு விட்டேன். இரண்டே நாளில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுத் திருப்பிவிட்டார்கள். பொறியியல் பிரிவில் டீ கிளாஸை வைத்த வட்டமும் சேர்ந்து வந்தது. எண்பது பக்கப் பட்டியலை இரண்டு நாளில் படித்த மேதைகள்.

முப்பத்து மூன்று வருடச் சர்வீஸில் என் கையிலிருந்து ஒரு தாள் தொலைந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யார் சொல்வார்கள்.

அக்டோபர் 8, புதன்

மத்தியானம் முப்புடாதி வந்தாள். எங்கள் தெரு அங்கன்வாடியில் சமைக்கிறவள். டீச்சருக்கு இரண்டு மையம் என்பதால் பாதி நாள் இவள்தான் டீச்சரும்.

“வடிவக்கா, அடுப்படிக் கதவு சாத்த மாட்டேங்கு. நெலைச் சட்டம் கோணிப்போச்சு. தரையில தேங்காய வச்சா ஒரே மூலைக்கு உருளுது. பாத்திரம் கழுவுன தண்ணி சாக்கடைக்கே வரமாட்டேங்கு, எங்க போவுதுன்னே தெரியல.”

“எஞ்சினியர்ட்ட சொன்னியா?”

“சொன்னேன். கட்டட ஃபைலக் கொண்டாங்கன்னு சொல்லுதாங்க. அது ஒங்ககிட்டதான இருக்கும்.”

தேடித் தருகிறேன் என்றேன். போகும்போது ஒரு கவர் சுண்டலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிள்ளைகளுக்கு வந்ததை எனக்கு ஏன் தருகிறாய் என்று திட்டினேன். “மிஞ்சுனதுதான்க்கா” என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

அக்டோபர் 10, வெள்ளி

கட்டடக் கோப்பு நிரந்தர அடுக்கில் இருந்தது. 1990-ஆம் வருடத்துக் கோப்பு. வரைபடம், மதிப்பீடு எல்லாம் சரியாக இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் இப்படி ஒரு குறிப்பு: ‘மனை குறித்த முன்கோப்பு 1142/84 பதிவறையில் கேட்கப்பட்டது. மூன்றாண்டுக் கோப்பு, காலம் கடந்தது, கிடைக்காது எனப் பதில் வந்தது. மனையில் ஆட்சேபணை ஏதும் தெரியவரவில்லை. கட்டடம் தொடங்கலாம்.’

அந்தப் பதிலைத் தந்தவர் அன்றைக்குப் பதிவறையில் இருந்த சுடலைமுத்து. எழுந்துபோய்த் தேடாமல் நாற்காலியில் இருந்தபடியே எழுதியிருக்கிறார். எழுதியது நான் அல்ல. இதை இங்கே தெளிவாகக் குறித்து வைக்கிறேன்.

ஏனென்றால் 1142/84 எங்கேயும் போகவில்லை. அழிப்புக்காகக் கட்டிவைத்த முப்பத்தொன்றாவது சாக்கில் இருந்தது. பிரித்துப் படித்தேன்.

எங்கள் தெரு முனையில், இப்போது அங்கன்வாடி இருக்கிற மனையில், சாவடிக் கிணறு என்று ஒன்று இருந்ததாம். அறுபதடி ஆழம். 1984-இல் அதைத் தூர்த்திருக்கிறார்கள். எதைப் போட்டு என்றால் ஊர்க் குப்பை, வைக்கோல், வாழைத்தார்க் கழிவு. மேலே இரண்டடி செம்மண். மேற்பார்வையாளர் ஒருவர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: ‘உள்ளே போட்டது மக்கும், மக்கினால் தாழும். சரளை கொண்டு தூர்க்கச் சொன்னேன், லாரி இல்லை என்றார்கள். இதன்மேல் எக்காலத்திலும் கட்டடம் கூடாது. இக்கோப்பை நிரந்தரமாக வைக்கவும்.’ கடைசி வரிக்கு இரண்டு அடிக்கோடு.

அட்டையில் ‘மூன்றாண்டு’ என்று இருக்கிறது. யாரோ ஓர் எழுத்தர் முடித்திருக்கிறார். சுருக்கொப்பம் ஒற்றை எழுத்துதான், ‘வ’. அந்தக் காலத்தில் பொறியியல் பிரிவில் வரதராஜன் இருந்தார். வள்ளிநாயகம் இருந்தார். இன்னும் ஒருவர் இருவர் இருந்தார்கள்.

அக்டோபர் 13, திங்கள்

மேலாளர் திரவியம் சாரிடம் போனேன். பட்டியலில் ஒரு கோப்பைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

“எடுத்தா எண்ணிக்கை மாறும்லா. ஆணையர் ஒப்புதல் கொடுத்த பட்டியல். மறுபடி எல்லாப் பிரிவுக்கும் சுத்துக்கு விடணும், பதினஞ்சு நாள் காத்திருக்கணும். புதன்கிழமை லாரி வருது.”

“வகையை மாத்தி எழுதியிருக்கு சார். நிரந்தரமா இருக்க வேண்டியது.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “யாரு முடிச்சது?”

“பழசு சார். சுருக்கொப்பம் வெளங்கல.”

“வெளங்கலன்னா வெளக்கச் சொல்லி விசாரணை போடுவாவ. ஒங்களுக்கு இன்னும் ஒன்றரை மாசந்தான இருக்கு? போன வருசம் சுகாதாரப் பிரிவு கோமதிநாயகத்துக்கு என்ன ஆச்சுன்னு பாத்தீங்கள்லா. கடைசி நாள், மாலையப் போட்டுட்டு அந்தக் கையோட சஸ்பென்ஷன் ஆர்டரையும் குடுத்தாவ. மனுசன் இன்னும் நடையா நடக்காரு.”

பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை என் மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்பார், பழைய பதிவேட்டின் நகல் கேட்டு. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கும். ஓய்வு ஆணை கிடைக்காமல் மகள் கல்யாணம் நின்றுவிட்டது. எனக்கு அப்படி ஆகக் கூடாது என்று உடம்பெல்லாம் பயம் வந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

சாப்பிட்டு முடித்த பிறகும் சாப்பாட்டுக் கூடை கனமாகவே இருந்தது.

அக்டோபர் 15, புதன்

காகித ஆலைக்கு லாரியின் முன்சீட்டில் போனேன். அழிப்பை நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது விதி. பெரிய தொட்டி, கீழே தகடு சுழல்கிறது. சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். சிவப்பு நாடாக்கள் மட்டும் கொஞ்ச நேரம் மிதந்தன. ஆலைக்காரன் ஒரு கம்பியால் அவற்றையும் அமுக்கினான்.

‘4,216 கோப்புகள் என் முன்னிலையில் கூழாக்கி அழிக்கப்பட்டன’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திரவியம் சாரும் கையெழுத்திட்டார். அவர் லாரிப் பக்கமே வரவில்லை.

அக்டோபர் 22, புதன்

தீபாவளி. ஓசூரிலிருந்து மகன் பேசினான். டிசம்பர் முதல் வாரமே வந்துவிடு, மேல்மாடியில் உனக்கு அறை ஒதுக்கியாயிற்று என்றான். முறுக்கு சுடவில்லை. இருமல்.

மழை பிடித்துக்கொண்டது.

அக்டோபர் 24, வெள்ளி

காய்கறி வாங்கப் போகும்போது அங்கன்வாடிக்குள் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வீடுதான் என்றாலும் இதற்கு முன் ஐந்தாறு தடவைக்கு மேல் உள்ளே போனதில்லை. முன்னறையில் பதினான்கு பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் அடுப்படி. சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி விழுந்திருக்கிறது. குனிந்தால் ஒரு வாடை வருகிறது, ஊறிய வைக்கோல் வாடை.

முப்புடாதி ஒரு குடம் தண்ணீரை அந்த இடைவெளியில் ஊற்றிக் காட்டினாள். எல்லாம் உள்ளே போயிற்று. விழுந்த சத்தமே கேட்கவில்லை.

“எலி வளையா இருக்கும்னு எஞ்சினியரம்மா சொல்லுதாவ” என்றாள்.

இருக்கும் என்றேன்.

அக்டோபர் 27, திங்கள்

உதவிப் பொறியாளர் ரிஸ்வானா நேரில் வந்தாள். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இந்த அலுவலகத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஒரே ஆள். கட்டடக் கோப்பின் ஆறாம் பக்கத்தை அவளும் பார்த்திருக்கிறாள்.

“மேடம், 1142/84-னு ஒரு முன்கோப்பு சொல்லியிருக்கு. அது எங்கயாவது இருக்கா? எதுக்கும் எழுத்துல கேக்கேன்” என்று ஒரு சீட்டை நீட்டினாள்.

சீட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தேன். பிறகு அதன் கீழேயே எழுதினேன்: ‘மேற்படி கோப்பு பதிவறையில் இல்லை.’

அந்த வாக்கியத்தில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. பதிவறையில் இல்லைதான். சாயங்காலம் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

விரிசலுக்கு சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். வெள்ளையும் அடித்திருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

லீவு. பக்கத்து ஊர் தபால் நிலையத்துக்குப் பஸ்ஸில் போனேன். கால்வலித் தைலம் வாங்கினேன்.

நவம்பர் 7, வெள்ளி

மழை நிற்கவே இல்லை. பூசிய இடம் மறுபடி வாய் திறந்துவிட்டது. முப்புடாதியை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“பிள்ளைகள அடுப்படிப் பக்கம் விடாத. சாப்பாடு, தூக்கம் எல்லாம் முன்னறையிலயே வச்சுக்க.”

“ஏன்க்கா, ஒங்களுக்கு எதும் தெரியுமா?”

மழைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். கேட்கும்போது அவளுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. நான் ஆபீஸில் இருக்கிறவள், நாலும் தெரிந்தவள் என்கிற மரியாதைதான் இருந்தது.

“ஒன்னும் தெரியாது. வழுக்கும்லா, அதுக்குச் சொன்னேன்.”

“சரிக்கா. பிள்ளையள விடமாட்டேன். நான் எங்கன வச்சுப் பொங்க? அடுப்பு அங்கனதான இருக்கு” என்று சிரித்தாள்.

நவம்பர் 12, புதன்

இன்று முடித்து வந்த கோப்புக் கட்டில் ஓராண்டுக் கோப்பு ஒன்று. உள்ளே ஒரே ஒரு தாள். ‘அங்கன்வாடிக்குக் கீழே பழைய கிணறு இருக்கிறது, உடனே பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், மழை முடியும் வரை காத்திருக்க வேண்டாம்’ என்று கோணல்மாணலாக எழுதியிருக்கிறது. பெயர் இல்லை, முகவரி இல்லை, பக்கத்து ஊர் முத்திரை. கீழே திரவியம் சார் எழுத்து: ‘மொட்டை மனு. நடவடிக்கை தேவையில்லை. ஓராண்டு.’

அவர் எழுதியது விதிப்படி சரி. பெயரில்லாத மனுவை எடுத்துக்கொள்ளக் கூடாது. நானே எத்தனையோ பேருக்கு இந்த விதியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இடது கையால் எழுதினால் ‘ழ’ இவ்வளவு மோசமாகவா வரும். எண் போட்டு ஓராண்டு அடுக்கில் வைத்தேன்.

நவம்பர் 13, வியாழன்

குளிக்க வெந்நீர் போடும்போது அரிசிப் பானைக்குப் பின்னால் இருப்பதை எடுத்து அடுப்புக்கு முன்னால் வைத்தேன். முதல் தாளின் ஓரம் கருகியது. இழுத்துத் தண்ணீர் தெளித்து முந்தானையால் ஒற்றினேன். என்னால் முடியவில்லை. அதைக் கொடுக்கவும் முடியவில்லை, கொளுத்தவும் முடியவில்லை. இன்னும் பதினைந்து நாள். பதினைந்தே நாள் அந்தத் தரை பொறுத்துக்கொண்டால், மழை விட்டுவிட்டால், ஓசூருக்குப் போய் அங்கிருந்து பெயர் போட்டே எழுதிவிடுவேன். சத்தியமாக எழுதுவேன்.

நவம்பர் 17, திங்கள்

கனமழை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். அங்கன்வாடிக்குக் கிடையாது.

நவம்பர் 18, செவ்வாய்

காலை பதினொன்று இருபதுக்கு.

அலுவலகத்துக்கே சத்தம் கேட்டது என்கிறார்கள். எனக்குக் கேட்கவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தபோது முன்னறை அப்படியே நின்றது. பிள்ளைகள் பதினான்கு பேரும் தெருவில் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண்பிள்ளை கையில் தட்டை விடாமல் வைத்திருந்தது. அடுப்படி இல்லை. அடுப்படி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு குழி, ஓரத்தில் பழைய கல்கட்டு தெரிந்தது. கிணற்றின் வட்டம் அளவெடுத்தது போல் அப்படியே திறந்திருந்தது.

தீயணைப்புக்காரர்கள் வந்து மாலை நாலரைக்கு அவளை எடுத்தார்கள்.

நவம்பர் 19, புதன்

அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “பிள்ளையள அந்தப் பக்கம் விடாதன்னு நீங்க சொன்னேளாமே. ஒங்க வாய் முகூர்த்தம், பதினாலு உசுரு தப்பிச்சு. எங்கிட்ட வந்து சொல்லிச் சொல்லி மாஞ்சா.”

நவம்பர் 21, வெள்ளி

விசாரணை அதிகாரி மாவட்டத் தலைமையிடத்திலிருந்து வந்திருக்கிறார். மண்ணைச் சோதிக்காமல் மேலே பூசினாள் என்று ரிஸ்வானாவைப் பணியிடை நீக்கம் செய்துவிட்டார்கள். அழிப்புப் பட்டியலைக் கேட்டார்கள். திரவியம் சார் கொண்டுபோய்க் கொடுத்தார். சான்று, கையெழுத்து, எண்ணிக்கை எல்லாம் ஒழுங்கு. “பதிவறை மட்டுமாவது முறையா இருக்கே” என்று அதிகாரி சொன்னாராம். திரவியம் சார் இதைச் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்.

நவம்பர் 25, செவ்வாய்

ரிஸ்வானா தன் பொருள்களை எடுக்க வந்தாள். அலுவலகத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. என்னிடம் வந்து நின்றாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

“மேடம், நான் எழுத்துல கேட்டேன், நீங்க இல்லைன்னு குடுத்தீங்கள்ல, அந்தச் சீட்டோட நகல் ஒண்ணு வேணும். என்னால தேட முடிஞ்சதத் தேடினேன்னு காட்ட எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு.”

எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “ரொம்ப நன்றி மேடம். அந்தக் கோப்பு மட்டும் இருந்திருந்தா அந்தக்கா செத்திருக்க மாட்டாங்க” என்றாள்.

நவம்பர் 27, வியாழன்

நாளை நான்கு மணிக்குப் பாராட்டு விழா. வாழ்த்துமடலின் வரைவை என்னிடமே காட்டினார்கள், பிழை பார்த்துத் தரச் சொல்லி. ‘இவர் பொறுப்பில் ஒரு தாளும் தொலைந்ததில்லை’ என்று இருந்தது. பிழை ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் குழியைச் சுற்றி மூங்கில் கட்டியிருந்ததைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் பாதி வரை நிற்கிறது. அதன் மேல் ஒரு அலுமினியத் தட்டு மிதந்தது.

நவம்பர் 28, வெள்ளி, காலை 7 மணி

1986 மார்ச்சில் மண்டல அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று நிலுவைக் கோப்புகளை முடிக்கச் சொன்னார்கள். பொறியியல் பிரிவில் நான் இரண்டே நாளில் நூற்று நாற்பது கோப்புகளை முடித்தேன். நிரந்தரம் என்று போட்டால் மேலாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், மூன்று பிரதியில் பொருளடக்கச் சீட்டு எழுத வேண்டும். மூன்றாண்டு என்றால் சுருக்கொப்பம் போதும். 1142/84-ஐ நான் படித்தேன். சிவப்பு மையையும் படித்தேன். மூன்று வருடத்தில் யார் அங்கே கட்டடம் கட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு வேகமாக முடித்ததற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் தந்தார்கள். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வரதராஜன் தன் சுருக்கொப்பத்தை ஆங்கிலத்தில் போடுவார். வள்ளிநாயகம் 85-லேயே மாறுதலாகிப் போய்விட்டார். அந்த ‘வ’, வடிவு என்கிற நான். இது எனக்கு முதல் நாளே தெரியும்.

பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வருவார். கோப்பைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்திருக்கிறேன், வந்த வழியிலேயே திரும்பிப் போகட்டும். நான்கு மணி விழாவுக்கு முன்னால் என் பணியிடை நீக்க ஆணை தட்டச்சாகிவிடும். மகனிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கோப்பை மட்டும் கொடுத்தால் ‘இப்போதுதான் கிடைத்தது’ என்று நான் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இந்த டைரியையும் அதோடு வைத்து நாடா கட்டுகிறேன். அக்டோபர் 6 முதல் இன்று வரை பக்கங்களுக்கு எண் போட்டுவிட்டேன். கருகிய ஓரத்துக்கு விளக்கம் நவம்பர் 13-இல் இருக்கிறது.

அட்டையில் பழைய வகையை அடித்துத் திருத்தியிருக்கிறேன். இந்தத் தடவை சுருக்கொப்பம் போடவில்லை.

கோப்பு எண்: 1142/84
பொருள்: சாவடிக் கிணறு. முப்புடாதி, வயது 44, இறப்பு.
வைக்க வேண்டிய காலம்: நிரந்தரம்.

மா. செண்பகவடிவு
பதிவறை எழுத்தர்